குடும்பத்துடன் பார்க்கத் தகுந்தது

பதினேழு நிமிடம் நாற்பது வினாடியில் அது வரும். ஆனால் வீட்டில் அந்தக் கணக்கு உதவாது. அலுவலகத்தில் பார்க்கும்போது திரையின் கீழ் ஓரத்தில் வெள்ளை எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், எவன் எந்த வினாடியில் கையை ஓங்குகிறான் என்று எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், நடுவே சோப்பும் ஊறுகாயும் வந்து நிற்காது. இங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி, மூன்றாவது மாடி வீட்டின் ஒரே கூடம், 'வடக்குச் சரகம்' என்ற எழுத்துகள் சிவப்பாக வந்து இரண்டாகப் பிளந்து, அதன் நடுவிலிருந்து இன்ஸ்பெக்டர் ருத்ரமூர்த்தி நடந்து வருகிறார். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து ரிமோட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அம்மா தரையில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வினோதினி அம்மாவுக்குப் பக்கத்தில் கையில் ஒரு கீரைக்கொத்துடன் இருந்தாள், ஒரு இலையையும் உருவவில்லை. பால்கனிக் கதவோரம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பி மாறன், இந்தப் புழுக்கத்திலும் காலுறை போட்டுக்கொண்டு. பித்தவெடிப்பு, மருந்து தடவியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். பத்தொன்பது நாளாக ஒரே பித்தவெடிப்பு. அம்மா நம்பினாள், அம்மாவுக்கும் பித்தவெடிப்பு உண்டு, தன் மருந்தையே எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பகுதி நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று வினோதினிக்கு முதலில் சந்தேகம் இருந்தது. மஞ்சள் பாவாடை கட்டிய சிறுமி பள்ளி வாசலில் ஆட்டோவுக்காக நிற்பது தெரிந்ததும் சந்தேகம் போய்விட்டது. நாற்பத்தொன்று. ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை, காதில் ஹெட்போனோடு, தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பார்த்த பகுதி. இரண்டு தடவை பார்த்தாள், ஒரு தடவை விதிப்படி, இன்னொரு தடவை படிவம் நிரப்ப. கீழே அவள் கையெழுத்து இருக்கிறது.

படிவத்தில் பதினோரு வரிகள். புகை, மது, முத்தம், ஆடைக்குறைவு, கெட்ட வார்த்தை, ரத்தம், தற்கொலை, மிருகவதை, மதம், சாதிப் பெயர், கடைசியில் 'மற்றவை'. கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு வீட்டில் எல்லோரும் டீச்சர் வேலை என்று நினைத்தார்கள், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேச அவளால் ஆகாது. சேனலில் ஒளிபரப்புக்கு முன் தொடர்களைப் பார்த்து, வெட்ட வேண்டியதைக் குறித்துக் கொடுக்கும் இந்த வேலை அப்படியில்லை, யாரிடமும் பேச வேண்டாம், பார்த்தால் போதும், பார்க்கத்தான் அவளுக்குத் தெரியும். திரையின் பின்னணியில் யாரோ வைத்துவிட்டுப் போன பீர் பாட்டிலை அவளைப் போலக் கண்டுபிடிக்க ஆளில்லை என்று மேலாளர் ஜெரால்ட் சார் சொல்லுவார். அந்தப் புதன்கிழமை 'மற்றவை' வரியில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து போய் ஜெரால்ட் சாரிடம், சார், லாக்கப்ல அடிக்கிறாங்க, இதை எந்த வரியில் போடறது என்று கேட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ரத்தம் தெரியுதாம்மா என்றார். இல்ல சார், கேமரா கதவுக்கு வெளியிலயே நின்னுடுது, சத்தம் மட்டும்தான். யாரு அடிக்கிறா, ஹீரோவா வில்லனா? ஹீரோ சார். "அப்ப அது வன்முறைல வராதும்மா. அது விசாரணை." பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். திரும்பி வந்து எழுதினாள்: 17:40, விசாரணைக் காட்சி, அடி ஓசை 6, ரத்தம் இல்லை. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, நேர்மையான காவல் அதிகாரியைப் பற்றிய கதை, குடும்பத்துடன் பார்க்கத் தகுந்தது. ஏன் கேட்காமலே எழுதினாள்? அந்தச் சிறுமி கிடைத்துவிடுகிறாள் என்பதாலா, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதாலா. அடி ஓசையை எண்ணினோமே, ஆறு என்று எண்ணிய அந்த ஆள் யார், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே எண்ணிய ஆள். எண்ணும்போது மனம் எங்கே இருந்தது. ஒன்றும் நினைவில்லை. தயிர் புளித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

திரையில் கமிஷனர் கத்துகிறார், இருபத்துநாலு மணி நேரத்தில் குழந்தை கிடைக்க வேண்டும். அப்படியானால் எட்டு நிமிடம் ஆகிவிட்டது. அம்மா ஒரு காம்பை ஒடித்து, எந்தப் பாவி தூக்கிட்டுப் போனானோ என்றாள். அப்பா, பொறு, ருத்ரமூர்த்தி பாத்துக்குவார் என்றார், அடுத்த தெருவில் இருக்கிற ஒருவரைச் சொல்வதைப்போல. முப்பத்து மூன்று வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த அப்பா தெய்வசிகாமணிக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டு, நேரம் தவறாமை, சீருடை. வீட்டில் டி.வி. பார்ப்பதற்கும் அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார், யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. படத்தில் ஆணும் பெண்ணும் நெருங்கி வந்தால் அவர் கட்டைவிரல் தானாகச் செய்திச் சேனலுக்குப் போய்விடும். ஒரு செருமல். மனதுக்குள் பத்து வரை எண்ணுவார், உதடு லேசாக அசைவது தெரியும். பிறகு திரும்பி வருவார். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் அம்மா மின்விசிறியைப் பார்ப்பாள், மாறன் செல்போனைப் பார்ப்பான், வினோதினி தன் கால் நகத்தைப் பார்ப்பாள். பிள்ளைகளின் சிறு வயதிலிருந்து நால்வரும் பழகியது, ஒரு நாளும் பிசகியதில்லை. அடிக்கிற காட்சிக்கு அந்த விரல் அசைந்ததே இல்லை. அடிக்கு அவர் முன்னால் குனிந்து உட்காருவார். வினோதினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது, இந்த நாற்பத்தொன்றாம் பகுதியில் ஒரு முத்தம் இருந்தது. 16:50. ருத்ரமூர்த்தி வீட்டுக்கு வருகிறார், மனைவி நெற்றி வியர்வையைத் துடைக்கிறாள், உதட்டில் மூன்று வினாடி. நீக்கலாம் என்று எழுதியவள் அவள்தான், நீக்கிவிட்டார்கள். அது மட்டும் இருந்திருந்தால் அடி வருவதற்கு முன்பே அப்பா செய்திக்குப் போயிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனவர் புயல் எச்சரிக்கையில் மாட்டிக்கொண்டு தொடர் முடியும்வரை திரும்பவேயில்லை. இன்றும் ஏதாவது புயல் இருந்திருக்கும், ஒரு விபத்து, ஒரு தேர்தல் தேதி. மூன்று வினாடி முத்தம் போதும், ஒரு குடும்பம் தப்பித்திருக்கும். அதைத்தான் வெட்டினாள், அசிங்கம் என்று.

அடிப்பதைப் பார்க்க அப்பாவுக்குப் பிடிக்கும் என்று சொல்வது நியாயமில்லை. அடித்தால் உண்மை வரும் என்று அவர் நம்பினார், அவ்வளவுதான். பள்ளியில் அவர் கையில் பிரம்பு இருந்தது, அடி வாங்கிய பையன்கள் இன்றும் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறார்கள், அதில் ஒருவன் ராணுவத்தில் இருக்கிறான். மாறன் வேலை செய்த பார்சல் கிடங்கில் இரண்டு செல்போன் காணவில்லை என்று, அன்று ஷிப்டில் இருந்த ஐந்து பேரின் பெயரை முதலாளி எழுதிக் கொடுத்தபோது, ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு போன் செய்தார். மற்ற நாலு வீட்டிலும் பையன் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அவன் சித்தப்பா வீடு, இவன் மாமா வீடு. அப்பா மட்டும், நானே கூட்டிட்டு வரேன் சார் என்றார். சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மாறனையும் நல்ல சட்டை போடச் சொன்னார். போகும்போது அவனிடம், "மடியில கனம் இல்லாதவன் எதுக்குடா பயப்படணும், கேட்டதுக்கு நேரா பதில் சொல்லு" என்றார். ஸ்கூட்டரில் மாறன் அப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வினோதினி பால்கனியிலிருந்து பார்த்தாள், சின்னப் பையனாகப் பள்ளிக்கூடம் போகும்போது உட்காருவானே, அதே மாதிரி. அப்பா ஒரு மணி நேரத்தில் தனியாக வந்தார். விசாரிச்சிட்டு அனுப்பிடுவாங்க, எஸ்.ஐ. ரொம்ப மரியாதையான பையன், உட்காருங்க மாஸ்டர்னு நாற்காலி போட்டார் என்று சொல்லிக் குளிக்கப் போனார். மூன்றாவது நாள் காலையில் போன்கள் வேறு ஊருக்குத் தவறிப்போன ஒரு மூட்டையில் கிடைத்துவிட்டன. அப்பா போய் அழைத்து வந்தார். அந்த எஸ்.ஐ.யின் கையைப் பிடித்து நன்றி சொன்னதாக அவரே சொன்னார். வாசலில் மாறன் செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டான். பாத்தியா, தப்பு பண்ணலன்னா ஒண்ணும் ஆகாது என்று அப்பா சொன்னார். ஆமாப்பா என்றான். அம்மா அவனுக்குச் சுற்றிப்போட்டாள், மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினார்கள், கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வெந்நீர் கேட்டான். வினோதினி வாளியைக் கொண்டுபோய் வைத்தபோது குளியலறைக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய காலையோ பார்ப்பதைப்போல. நாவல்பழ நிறம். குதிகாலிலிருந்து விரல் வரை, இடைவெளி இல்லாமல், வீங்கிப் பளபளவென்று, ஆனால் தோல் எங்கும் கிழியவில்லை. ரத்தம் இல்லை. அந்த வார்த்தை அவள் கையெழுத்தில் அவள் கண் முன்னால் வந்து நின்றது, கமா, புள்ளி உட்பட. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன்தான் பேசினான். "அப்பாகிட்ட சொல்லாதக்கா. அவர்தானே கூட்டிட்டுப் போனாரு, தாங்கமாட்டாரு." சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குப் பத்தொன்பது நாள் ஆகிறது. டாக்டரிடம் போகலாம் என்றாள், வேண்டாம் என்றான், போலீஸ் அடியென்று எழுதுவாங்க என்றான், எழுதமாட்டாங்க என்று அவளுக்குத் தெரியும், அதையும் சொல்லவில்லை. தினமும் கதவிடுக்கு வழியாக அவள் மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரைத் தருகிறாள், அவன் வாங்கிக்கொள்கிறான், இரண்டு பேரும் திருட்டுக் காரியம் செய்வதைப்போல. ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி வருகிறது. ஆனால் அவனுடைய முகத்தில் எதுவும் மாறவில்லை, வேறு வேலை தேடுகிறேன் என்கிறான், சாப்பிடுகிறான், கூப்பிட்டால் ஒரு கணம் பிந்தித் திரும்புகிறான். கால் மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கால் ஆறிவிடும், காலுறை கழன்றுவிடும், அப்பாவுக்கு எதுவும் தெரியாமல் இது முடிந்துவிடும். முடிந்துவிடும் என்று அவள் நம்பியதெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தது வீட்டுக்குள் வரும்வரைதான்.

ஆட்டோ டிரைவரைப் பிடித்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்து இழுக்கும்போது அவன் ஏதோ திட்ட, வாய் அசைகிறது, சத்தம் இல்லை, அந்த இரண்டு வினாடி மௌனமும் அவள் கேட்டு வாங்கியது. பன்னிரண்டாம் நிமிடம். என்னங்க சொன்னான் என்று அம்மா கேட்டாள். உனக்கு எதுக்கு அது என்றார் அப்பா. அம்மா, வாயைப் பாத்தாலே தெரியுதே என்று முணுமுணுத்தாள், மாறன் சிரித்தான். அவன் சிரித்தது வினோதினிக்குத் தைரியமாக இருந்தது, உடனே அதுவே பயமாகவும் இருந்தது. விளம்பரம் வந்தது. இதுதான் நேரம். கொத்தமல்லி வாங்கிட்டு வா என்று அனுப்பலாம், ஆனால் மூன்று மாடி இறங்க வேண்டும், அந்தக் காலோடு இறங்கி, அந்தக் காலோடு ஏறி, ஒரு காட்சியிலிருந்து காப்பாற்ற அறுபது படியா. மெயினை அணைத்துவிடலாம், அது வாசலுக்கு வெளியே இருக்கிறது, எழுந்து போகும்போதே அப்பா எங்கே என்று கேட்பார். ரிமோட்டைக் கேட்கலாம். இந்த வீட்டில் அவள் ரிமோட்டைக் கேட்டதே இல்லை. அப்பா, வேற ஏதாவது போடுங்க. நாலே வார்த்தைதான். ஏன் என்று கேட்பார். இது குடும்பத்தோட பார்க்கிற மாதிரி இல்லப்பா. நீதானேம்மா இதெல்லாம் பார்த்து அனுப்பறது, நீ பார்த்ததுன்னு நேத்து மேல்வீட்டு சேகர்கிட்டகூடச் சொன்னேன் என்பார். அதுவும் உண்மை, அவருக்கு அதில் பெருமை. மஞ்சள் சோப்பு நுரைக்கிறது, ஒரு குடும்பம் மொட்டைமாடியில் சிரிக்கிறது. வினோதினி வாயைத் திறந்தாள். மாறா, என் லேப்டாப் திறக்கமாட்டேங்குது, உள்ள வந்து கொஞ்சம் பாரேன் என்றாள், குரல் அவளுக்கே கேட்கவில்லை. மாறன் அவளைப் பார்த்தான். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, என்ன வரப்போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஸ்டேஷன் வந்துவிட்டதே, டிரைவர் வந்துவிட்டானே, வேறு என்ன வரும். "இது முடியட்டும்க்கா" என்றான். அப்பா, விடும்மா, சீரியல் நடுவுல எவன் எழுந்து போவான் என்றார். அவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? எழுந்து போனால் நடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதாலா. இல்லை, பார்க்க வேண்டும் என்று இருக்கிறானா, தனக்கு நடந்தது வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று. அவளுக்கு அவனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தாள், காலைப் பார்த்துவிட்டதாலேயே.

வந்துவிட்டது. டிரைவரைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைக்கிறார்கள், காலை மடித்துத் தூக்கிப் பிடிக்கிறார்கள், ருத்ரமூர்த்தி சட்டைக் கையை மடித்துவிடுகிறார். கேமரா மெல்ல நகர்ந்து வெளியே வருகிறது, கதவு சாத்திக்கொள்கிறது, ஒரு போலீஸ்காரர் கதவோரம் டீ குடிக்கிறார். அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்தார். ஒன்று. அம்மா கீரையை ஆய்ந்துகொண்டேயிருந்தாள், விரல்கள் பழகிய வேகத்தில். இரண்டு. வினோதினி மாறனைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை, டி.வி.யையும் பார்க்காமல் மொசைக் தரையில் ஒரு கருப்புக் கல்லைப் பார்த்தாள். மூன்று, நாலு, ஹெட்போனில் கேட்டது வேறு, இங்கே கூடத்துச் சுவரில் மோதி வருகிறது, சோபா மேல், ஸ்வாமி படத்தின் மேல், அம்மா பின்னல் மேல். ஐந்து. இப்போது எழுந்து திரைக்கு முன்னால் நின்றுவிட்டால்கூடப் போதும். ஆறு. சொல்லிடறேன் சார், நான்தான் சார் என்று டிரைவர் அழுகிறான். இசை பொங்குகிறது, ஜீப்புகள் கிளம்புகின்றன, ஒரு பூட்டிய ஷட்டர் உடைகிறது, மஞ்சள் பாவாடைச் சிறுமி ஓடிவந்து ருத்ரமூர்த்தியின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா சாய்ந்து உட்கார்ந்து, திருப்தியோடு, பாரு, ரெண்டு போட்டதும் உண்மை தானா வந்துடுச்சு என்றார்.

"நானும் சொன்னேன்ப்பா" என்றான் மாறன்.

குரலில் ஒன்றும் இல்லை, மழை நின்னுடுச்சு என்பதைப்போலச் சொன்னான். அப்பா டி.வி.யைப் பார்த்தபடியே என்னடா சொன்னே என்றார். மாறன் சிவப்பு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ரெண்டு போனையும் நான்தான் எடுத்தேன்னு சொன்னேன், ரெண்டாவது நாள் என்றான். எங்கடா வெச்சேன்னு கேட்டாங்க, அதுதான்ப்பா எனக்குச் சொல்லத் தெரியல, பரண்மேலன்னேன், அப்புறம் ஃபிரெண்டு வீட்லன்னேன், பேரு கேட்டாங்க, பேரும் சொன்னேன். அம்மாவின் விரல்கள் நின்றன. வினோதினிக்கு இது எதுவும் தெரியாது. பத்தொன்பது நாளாகக் கதவிடுக்கில் வெந்நீர் நீட்டியவளுக்கு அவன் ஒரு பெயர் சொல்லியிருக்கிறான் என்பது தெரியாது, யாருடைய பெயர், அந்தப் பையனைக் கூப்பிட்டார்களா, அவன் வீட்டில் யார் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார்கள், ராஜேஷா, இல்லை பள்ளியில் இவனுக்கு டிபன் பங்கு கொடுத்த அந்த ராயனா, ராயன் இரண்டு வாரமாக வீட்டுப் பக்கம் வரவில்லையே. இப்போது சொல்ல வேண்டும். அப்பா, அவங்க இவனை அடிச்சாங்கப்பா, நான் பார்த்தேன். அவள் வாக்குக் கொடுத்தது இந்தக் கணத்துக்காக இல்லை, இந்தக் கணத்தில் வாக்கு செல்லாது. கையிலிருந்த கீரைக்கொத்திலிருந்து ஒரு இலையை உருவினாள். அப்பா சொல்லட்டும். அவருக்குப் புரிந்திருக்கும், முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளைப் பார்த்தவர், ஒரு பிள்ளை செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது எப்போது என்று அவருக்கா தெரியாது. எழுந்து வருவார், அவன் முன்னால் உட்காருவார். அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மாறன் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது, நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற கவனம் இருந்தது.

"அப்ப நீதான் எடுத்தியாடா?"

"இல்ல சார்" என்றான் மாறன், உடனே, நிமிர்ந்து உட்கார்ந்து.

என்ன சொன்னான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அடுத்த கேள்விக்காக.